வடக்கே போனவன்

சனிக்கிழமை ரக்பி ஆட்டத்துக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலமே சுரங்க ஊரான கும்வெர்னில் வெங்காயம் வதங்க ஆரம்பித்துவிடும். ஈரலையும் பன்றிக் கொழுப்பையும் அரைத்து, ரொட்டித்தூளும் வெங்காயமும் போட்டுப் பிசைந்து, ஆரஞ்சுப்பழ அளவுக்கு உருண்டை பிடித்துத் தட்டு தட்டாக அடுக்கி வைப்பார்கள். மறுநாள் ஆட்டம் முடிந்து, உள்ளூர்ப் பையன்களும் எதிரணிக்காரர்களும் குளித்து ஈரத்தலையோடு வந்து உட்காரும்போது அது அடுப்பிலிருந்து இறங்கியிருக்கும். கூடவே வேகவைத்த பட்டாணியும் மேலே ஊற்றக் கெட்டிக் குழம்பும். கிளப் அடுக்களையில் இந்த வேலைக்கு ஆறேழு பெண்கள் உண்டு. அவர்களில் உருண்டை பிடிக்கும் கை நெஸ்டாவுடையது. வேறு யார் பிடித்தாலும் குழம்பில் உடைந்துவிடுகிறது என்று ஒரு பேச்சு.

அன்று மழை. மேலே மலையிலிருந்து இறங்கும் மழை, சுரங்கத்துக் கழிவு மேட்டைக் கழுவிக்கொண்டு தெருவில் கறுப்பாக ஓடியது. மைதானம் முழுக்கச் சேறு. எந்தப் பையன் எந்த அணி என்று தாய்க்கே தெரியாது.

எதிரணியில் அடிபட்டு வெளியே வந்த ஒரு பையன், மூக்கில் துணியை வைத்துக்கொண்டு வெந்நீர் கேட்க அடுக்களைக்கு வந்தான். கூடச் சமைக்கும் டிலிஸ் அவனுக்குக் கிண்ணத்தில் ஊற்றிக்கொடுத்தாள். அவன் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தான்.

"அங்க ரயில் மேட்டு மேல நிக்கிறாரே, யாரு அவரு? டிக்கெட்டுக்குக் காசு கொடுக்க மனசு வராதவரா?"

மைதானத்துக்கு அப்பால் கரிவண்டி போகும் தண்டவாள மேட்டில், தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை.

"மூக்கு போதாதா தம்பி, பல்லையும் எண்ணிப் பாத்துக்கணுமா?" என்றாள் டிலிஸ். "வெந்நீரை எடுத்துக்கிட்டு நடையைக் கட்டு."

பையன் போனபிறகு டிலிஸ் நெஸ்டாவின் பக்கம் திரும்பினாள். "விடுடி. வெளியூர்க்காரன். தெரியாது."

"தெரிஞ்சா மட்டும் என்ன பண்ணப்போறான்?" என்றாள் நெஸ்டா. கை உருண்டைகளைத் தட்டிலிருந்து எடுத்து அண்டாவில் இறக்கிக்கொண்டேயிருந்தது.

மேட்டில் நின்றவர் அவளுடைய புருஷன் இட்வல்.

வாலிபத்தில் இட்வல் மாதிரி பந்தோடு ஓடியவன் அந்தப் பள்ளத்தாக்கில் யாருமில்லை என்பார்கள். இரு அணியும் தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மின் காலடியிலிருந்து பந்தைப் பிடுங்கி எறிவது ஹேடன்; அதை ஓடிக்கொண்டே வாங்குவது இட்வல். ஒரே தெரு, ஒரே வகுப்பு, ஒரே நாளில் சுரங்கத்தில் இறங்கியவர்கள். ஹேடன் திரும்பிப் பார்த்து எறியமாட்டான். பார்க்கத் தேவையிருந்ததில்லை. அந்தக் காலத்தில் கும்வெர்ன் முதல்முறையாக மாவட்டக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குப் போனது. ஊரே நாலு பஸ் பேசி வைத்திருந்தது.

ஆட்டம் சனிக்கிழமை. வியாழக்கிழமை வடக்கேயிருந்து ஒரு கார் வந்து அணைக்கட்டுப் பக்கம் மறைவாக நின்றது. வடக்கில் ஆடுவது வேறு ரக்பி. பதின்மூன்று பேர் ஆட்டம், காசுக்கு ஆடுவது. இங்கே பதினைந்து பேர் ஆட்டம், பைசா வாங்கக் கூடாது. காசு வாங்கி அந்த ஆட்டம் ஆடப்போனவன் அப்புறம் இந்த ஆட்டத்துக்கு இல்லை. ஆடக் கூடாது, சொல்லிக்கொடுக்கக் கூடாது, கிளப் வாசலை மிதிக்கக் கூடாது. ஆயுசுக்கும். ரக்பி யூனியன் சட்டம் அப்படி. இட்வலின் அப்பா அப்போது நெஞ்சு நிறையக் கரித்தூளோடு படுக்கையில் கிடந்தார். சுரங்க வேலை போய்விட்டதால் கம்பெனி வீட்டையும் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். காரில் வந்தவர்கள் இன்றைக்கே கையெழுத்து, இல்லையென்றால் வேறு பையன் இருக்கிறான் என்றார்கள். இட்வல் கையெழுத்துப் போட்டுக் காரில் ஏறினான். அவர்கள் கொடுத்ததில் ஒரு வீடு வந்தது. அந்த வீட்டில்தான் அப்பா செத்தார்.

கும்வெர்ன் அந்த இறுதி ஆட்டத்தில் தோற்றது. அதற்கப்புறம் இறுதி ஆட்டத்துக்குப் போகவேயில்லை.

வடக்கே, பருத்தி ஆலைகள் நிறைந்த ஒரு ஊரில் சில வருஷங்கள். மகள் எலினெட் அங்கேதான் பிறந்தாள். பிறகு இட்வலின் முழங்கால் போயிற்று. குடும்பத்தோடு திரும்பி வந்து, சுரங்கத்து விளக்கு அறையில் உட்கார்ந்து செய்யும் வேலை பார்த்தார். ஊரில் யாரும் அவரை ஏசவில்லை. தெருவில் தலையாட்டுவார்கள், கடையில் வானிலை பேசுவார்கள். கிளப் வாசல் மட்டும் மூடியிருந்தது. அந்த ஊரில் கிளப் மூடியிருந்தால் பாதி ஊர் மூடியிருப்பதாக அர்த்தம். புதன்கிழமை கிழவர்களுக்குச் சாப்பாடு அங்கே. வாத்தியக் கோஷ்டி பயிற்சி அங்கே. சுரங்கத்தில் வேலைநிறுத்தம் என்றால் கஞ்சி காய்ச்சுவது அங்கே. ஒருத்தர் செத்தால் புதைத்துவிட்டு வந்து ரொட்டியும் பன்றிக்கறியும் சாப்பிடுவதும் அங்கேதான். இட்வல் சவ அடக்கத்துக்குப் போவார். கல்லறையிலிருந்து எல்லாரும் கீழே இறங்க, அவர் மட்டும் மேலே வீட்டுக்கு ஏறுவார்.

தபால் ஹேடன் என்பதுதான் இப்போது ஹேடனின் பெயர். காலையில் தபால்காரர், மற்ற நேரமெல்லாம் கிளப்பின் செயலாளர். நெஸ்டா வீட்டுக்கும் அவர்தான் தபால் போடுகிறார். எல்லார் வீட்டிலும் கதவைத் தட்டி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவர், இந்த வீட்டில் மட்டும் கதவுத் துவாரத்தில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தபோது எலினெட் சொன்னாள்.

"மே மாசம் வச்சுக்கலாம்னு மைரிக் சொல்றான். சீசன் முடிஞ்சுடும்."

"கல்யாணத்துக்குக்கூட சீசன் பாக்குற மாப்பிள்ளை," என்றார் இட்வல். முகம் மலர்ந்திருந்தது. மைரிக் கிளப்பில் முன்வரிசை ஆட்டக்காரன். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. இட்வலுக்கு அவனைப் பிடிக்கும்.

"விருந்து எங்க?" என்றாள் நெஸ்டா.

எலினெட் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சர்ச் கூடத்தின் சுவர் கீழே சுரங்கம் உள்வாங்கியதில் வெடித்து, பூட்டிப் போட்டு வருஷமாகிறது. ஊரில் வேறு ஒரே இடம்தான்.

"டவுன்ல ஹோட்டல் பாக்கலாம்ப்பா. எனக்கு அதான் ஆசை," என்றாள்.

"பொய் சொல்லாத. உனக்குப் பொய் வராது, உங்கம்மா மாதிரி," என்றார் இட்வல். "மைரிக்கோட ஆடுற பசங்க எல்லாம் டவுனுக்கு எப்படி வருவாங்க, எப்படித் திரும்புவாங்க? கிளப்புலதான் நடக்கணும்."

"நீ இல்லாமயாப்பா?"

"நான் சர்ச்சுல உன்னைக் கைப்பிடிச்சு கொண்டுபோய் விடறேன். அதுதான் அப்பன் வேலை. அப்புறம் திங்கறது குடிக்கிறதெல்லாம் அப்பன் இல்லாமலே நடக்கும்."

"அப்படி ஒரு கல்யாணம் எனக்கு வேண்டாம்."

இட்வல் கத்தியைக் கீழே வைத்தார். "கேளு. அந்த மைதானம் கரிக்கழிவு மேடா கிடந்துச்சு. என் தாத்தா, இன்னும் பத்தைம்பது பேரு, பட்டினியோட வேலைநிறுத்தத்துல இருந்தப்ப, மண்வெட்டியால சமப்படுத்தினாங்க. சுரங்கக் குழி வெடிச்ச அன்னைக்கு என் அண்ணனைக் கொண்டுவந்து போட்டது அங்க இருந்த தகரக் கொட்டகையிலதான். நான் போய் முகத்தைப் பாத்து, இவன்தான்னு சொன்னேன். எங்க வீட்டுல நல்லது கெட்டது எல்லாம் அங்கதான். என்னை உள்ள விடலைங்கிறதுக்காக அந்த இடம் என்னோடது இல்லைன்னு ஆயிடுமா? அங்கதான் நடக்கணும்."

மறுநாள் காலை நெஸ்டா வாசலில் காத்திருந்தாள். ஹேடன் துவாரத்தில் கை வைக்கும் நேரம் கதவைத் திறந்தாள். அவர் திடுக்கிட்டுப் பின்வாங்கினார்.

"உள்ள வா ஹேடன். டீ ஊத்தறேன்."

"பை நனையுது நெஸ்டா."

"அப்ப நனையட்டும். இங்கயே நின்னு கேளு. எம்பொண்ணு கல்யாண விருந்துல அவ அப்பன் உக்காரணும்."

ஹேடன் தொப்பியைக் கழற்றினார். வழுக்கையில் மழை விழுந்தது. "எனக்கு மட்டும் ஆசை இல்லையா? கீழ் ஊர்ல ஒரு கிளப்புல இப்படி வடக்கே போய் வந்தவன் ஒருத்தனைக் கூப்பிட்டு ஒரு ராத்திரி பாட்டுப் பாட வச்சாங்க. சும்மா பாட்டு. யாரோ போட்டுக்கொடுத்து, ஒரு சீசன் முழுக்க அவங்களுக்கு ஆட்டம் கிடையாதுன்னுட்டாங்க. ஆட்டம் இல்லைன்னா வரும்படி இல்லை. வரும்படி இல்லைன்னா புதன்கிழமை கிழவங்களுக்கு யாரு சோறு போடுவா? நீ சமைக்கிறவ, உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஒண்ணு மட்டும் சொல்லு. உன்னைத் தடுக்குறது சட்டமா, இல்ல உன் கோபமா?"

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டார். "கமிட்டியில கேக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

கேட்டார். ஒரு வாரம் கழித்து அடுக்களைக்கு வந்து, உருளைக்கிழங்குத் தோலைப் பார்த்துக்கொண்டே பதிலைச் சொன்னார். அன்றைக்கு மாவட்ட யூனியன் ஆள் ஒருவர் மைரிக்குக்காக விருந்துக்கு வருகிறார். அவர் போனபிறகு, இட்வல் பின்பக்கமாக அடுக்களை வரைக்கும் வரலாம். கூடத்துக்குள் வரக் கூடாது. கேட்டால் சமையலுக்கு உதவ வந்தவர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

டிலிஸ் கையிலிருந்த கத்தியோடு எழுந்தாள். "அந்தக் கமிட்டி மொத்தத்தையும் இந்த அண்டாவுல போட்டு வேக வைக்கணும். குழம்புகூட கசக்கும்."

"நான் சண்டை போட்டுத்தான் இவ்வளவு வாங்கினேன்," என்றார் ஹேடன். குரல் உடைந்திருந்தது.

நெஸ்டா அதை இட்வலிடம் சொன்னபோது அவர் தோட்டத்தில் லீக்ஸ் வெங்காயப் பாத்திக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மண்வெட்டியின் மேல் சாய்ந்து நின்றார்.

"பின்வாசல் வழியா வரவா நான் வாழ்ந்தேன்?" என்றார். அதோடு சரி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை. கேக்கைப் பற்றி, பூவைப் பற்றி, யாருக்குப் பக்கத்தில் யாரை உட்காரவைத்தால் சண்டை வரும் என்பதைப் பற்றி மட்டும் பேசினார்கள். கோட்டு வாங்க டவுனுக்குப் போனபோது இட்வல் கண்ணாடிமுன் நெடுநேரம் நின்றார். ஒரு மணி நேரம் போடப்போகிற கோட்டுக்கு எதற்கு இவ்வளவு விலை என்று கேட்டார். நெஸ்டா கடைக்காரனின் முன்னால் அழக் கூடாது என்று வெளியே போய்ப் பஸ் வருகிறதா பார்த்தாள்.

மே மாதத்தில் அந்தச் சனிக்கிழமை வெயில் அடித்தது. மலையில் மஞ்சள் பூ. சர்ச்சில் பாட்டு என்றால் கூரை எழும்பிவிடும், அந்த ஊர் அப்படி. இட்வல் மகளின் கையைப் பிடித்து நடந்தபோது முழங்கால் வலி தெரியாமல் நடந்தார்.

சர்ச்சிலிருந்து எல்லாரும் தெருவழியே கூட்டமாக இறங்கினார்கள். வாத்தியக் கோஷ்டி முன்னால். கிளப் கேட்டுக்கு வந்ததும் கூட்டம் தானாக வேகம் குறைந்தது. இட்வல் நின்றார். எலினெட்டின் கை அவர் கையை விடவில்லை.

மைரிக்கின் கூட்டாளிகள், கழுத்தில்லாத எட்டுப் பேர், முன்னால் வந்தார்கள். மைரிக் தொண்டையைச் செருமினான். "மாமா, கிளப் தரையில உங்க கால் படக் கூடாதுன்னுதானே சட்டம்? நாங்க தூக்கிட்டுப் போறோம். கால் படாது. சாப்பிட்டு முடிச்சதும் தூக்கிட்டு வந்து விட்டுடறோம்."

கூட்டம் சிரித்தது. இட்வலும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எட்டுப் பேரு தூக்கிட்டுப் போறதுக்கு இன்னும் நாள் இருக்குடா," என்றார். மகளின் நெற்றியில் முத்தம் கொடுத்து, அவள் கையை எடுத்து அவன் கையில் வைத்தார். "போம்மா. குழம்பு ஆறிடும்."

நெஸ்டா அவர் பக்கத்தில் நின்றாள். "நானும் வரலை."

"பொண்ணோட அம்மா இல்லாம எப்படி? போ. நான் இங்கதான் இருப்பேன்."

அவள் போனாள். தலைமேசையில் பெண்ணின் இடப்பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. எடுக்கச் சொன்னவர்களை எலினெட் எடுக்கவிடவில்லை. மாவட்ட யூனியன் ஆள் நல்ல மனிதராக இருந்தார், யார் நாற்காலி என்று கேட்கவில்லை, அல்லது தெரிந்தே கேட்கவில்லை. சூப் வந்தது. கறி வந்தது. வரவேற்புப் பேச்சுக்கு நேரமாயிற்று. செயலாளர்தான் பேசவேண்டும். கிளப் தலைவர் எழுந்து நின்று இரண்டு முறை ஹேடனின் பெயரைக் கூப்பிட்டார். ஹேடன் கூடத்தில் இல்லை.

நெஸ்டா எழுந்து அடுக்களைக்குப் போனாள். டிலிஸ் ஒரு தட்டில் உருண்டையும் பட்டாணியும் போட்டு அவள் கையில் கொடுத்துப் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

கேட்டுக்கு வெளியே, மைதானத்தின் கல்சுவருக்கு அந்தப் பக்கம், இட்வல் தன் புதிய கோட்டைக் கழற்றி மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஹேடன். இருவருக்கும் நடுவில் இரண்டு பியர் கிளாஸ். நெஸ்டா சுவருக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

"உள்ள உன்னைத் தேடுவாங்க," என்றது இட்வலின் குரல்.

"தேடட்டும். நான் வெளிய வரக் கூடாதுன்னு ஒரு சட்டமும் இல்லை. பாத்துட்டேன்."

உள்ளே யாரோ பாடுவதும் கைதட்டுவதும் கேட்டது.

"நீ என்கிட்ட சொல்லியிருக்கணும்," என்றார் ஹேடன். "போனதுக்கில்லை. உங்கப்பன் கிடந்த கிடை எனக்குத் தெரியாதா? நானா இருந்தாலும் போயிருப்பேன். சனிக்கிழமை காலையில பஸ்ல எனக்குப் பக்கத்துல உனக்கு இடம் போட்டு வச்சிருந்தேன்டா. யாரையும் உக்கார விடலை. இட்வல் வருவான், இட்வல் வருவான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். நீ வடக்க போயிட்டன்னு டிரைவர்தான் சொன்னான்."

"உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன்," என்றார் இட்வல். "வியாழக்கிழமை. உங்கம்மா சட்டையைத் தேய்ச்சுக்கிட்டிருந்தா. நம்ம ரெண்டு பேரோடதும். என்னோடதும் அவதானே தோய்ப்பா. ஜன்னல்ல பாத்தேன். தட்ட முடியலை."

ஹேடன் கிளாஸை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"கடைசி நிமிஷம்," என்றார். "ஒரு புள்ளிதான் பின்தங்கியிருந்தோம். பந்து என் கைக்கு வந்துச்சு. எப்பவும் போலப் பாக்காம எறிஞ்சேன். உன் இடத்துல நின்ன பையன் நல்ல பையன்தான். அவன் அவனோட இடத்துல நின்னான். நான் நீ நிக்கிற இடத்துக்கு எறிஞ்சேன். ரெண்டு கஜம் பின்னால, ஓடி வர்ற மாதிரி. அங்க யாருமில்லை. அவங்க எடுத்துட்டு ஓடிட்டாங்க. ஊரெல்லாம் அந்தப் பையனைத் திட்டுச்சு. நான் வாயைத் திறக்கலை."

இட்வல் கையை நீட்டி ஹேடனின் பின்கழுத்தைப் பிடித்தார், ஆட்டக்காரர்கள் பிடிப்பது போல, முரட்டுத்தனமாக. ஹேடன் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"நல்ல எறிதான்டா," என்றார் இட்வல். "எனக்குத் தெரியும், நல்ல எறியாத்தான் இருந்திருக்கும்."

நெஸ்டா தட்டை எடுத்துக்கொண்டு சுவரைச் சுற்றி வந்தாள். ஹேடன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ உள்ள போ நெஸ்டா. நான் இவனோட இருக்கேன்," என்றார். "ஒரு முள்கரண்டிதானா கொண்டாந்த?"

அவள் உள்ளே போனாள். மாப்பிள்ளையோடு ஆடினாள், அவன் அவள் காலை இரண்டு முறை மிதித்தான். கிழவர்களோடு ஆடினாள். ஜன்னல்களை யாரோ ஒவ்வொன்றாகத் திறந்துவைத்தார்கள், பாட்டுச் சத்தம் வெளியே போகட்டும் என்று. ஹேடன் கடைசிவரை உள்ளே வரவில்லை. வரவேற்புப் பேச்சை யாரும் பேசவில்லை.

வெயில் மலைக்கு மேல் போய், வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்த நேரத்தில் நெஸ்டாவும் இட்வலும் தெருவில் ஏறினார்கள். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். அவர் கோட்டைத் தோளில் போட்டிருந்தார், முதுகில் புல்கறை. பாதித் தெரு வந்தபிறகு அவர் கேட்டார்.

"உள்ள எப்படி இருக்கும்?"

"எந்த உள்ள?"

"கிளப்புதான். நான் போறப்ப தகரக் கொட்டகை. செங்கல்ல கட்டினது நான் வடக்க இருந்தப்பத்தானே. நான் பாத்ததேயில்லையே."

இத்தனை வருஷம் நெஸ்டா அந்தக் கட்டிடத்திலிருந்து வெங்காய வாசனையோடு வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஒரு நாளும் அவர் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

"கதவைத் தள்ளினதும் கோட்டு மாட்டுற கொக்கிங்க இருக்கும்," என்றாள். "பித்தளைக் கொக்கி. பாதி உடைஞ்சது. அப்புறம் மூணு படி ஏறணும்."

"ஏறணுமா? நான் தரை சமமா இருக்கும்னு நினைச்சேன்."

"மூணு படி. நடுப்படி ஆடும். கூடம் நீளம். பலகைத் தரை, பசங்க பூட்ஸோட நடந்து நடந்து குழி குழியா இருக்கும். இடது பக்கம் பியர் ஊத்தற பார். அதுக்கு மேல…"

"மெதுவா சொல்லு," என்றார்.

அவள் மெதுவாகச் சொன்னாள். வீட்டு வாசல் வந்தது. இருவருமே நிற்கவில்லை, மலைப்பக்கமாக மேலே ஏறிக்கொண்டே போனார்கள்.